நுவரெலியா மாதிரி ஒரு பாலைவனம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாண வீடு, சாமத்திய வீடு, பாஸ்போட் படம், இவைதான் வருமானம். கொழும்பில் கமரா வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி ஈரம். இரண்டு மாதம் பைக்குள் மறந்துபோன லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதனால் பாலைவனத்தில் படமெடுக்கும் வேலை ஒன்று வந்தபோது, காசைவிட எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அப்பாடா, ஐந்து நாளுக்குப் பூஞ்சணப் பயம் இல்லை.

வேலை தந்தது கொழும்பிலுள்ள ஒரு பயண முகவர். நாட்காட்டிக்கு 12 படம். பளிச்சென்ற மஞ்சள் மணல், நீல வானம், அவ்வளவுதான் அவர் கேட்டது. இடம் லிவா. அபுதாபி நகருக்குத் தென்மேற்கே, ரூப் அல் காலி என்ற பெரும் பாலையின் வடக்கு விளிம்பில் இருக்கும் பேரீச்சந் தோப்புகள். அந்தப் பாலையின் பரப்பு ஏறத்தாழ 650,000 சதுர கிலோமீற்றர். பத்து இலங்கையைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கலாம்.

போய்ச் சேர்ந்தது மாசி மாதத்து மத்தியானம். ஆசையோடு முதல் மணல்மேட்டில் ஏறி நாற்பது, ஐம்பது படம் எடுத்தேன். திரையில் பார்த்தால் எல்லாம் ஊத்தைச் சாம்பல். அது பழகிய கதைதான். கமராவின் ஒளி மீற்றர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். கொட்டாஞ்சேனைப் பக்கம் மாதா கோவில் கல்யாணங்களில் மணமகளின் வெள்ளை கவுன் மங்கிப்போவதும் இதனால்தான். வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் கூட்டி வைத்தேன், நிறம் வந்தது. ஆனால் உருவம் வரவில்லை. எதிரே பனையைவிட உயரமான மேடுகள் நிற்கின்றன, படத்தில் தோசை மாதிரித் தட்டையாகக் கிடக்கின்றன. சங்கப் புலவர்கள் பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று வைத்தார்கள். அவர்களில் ஒருவரும் கமரா தூக்கியிருக்கமாட்டார்கள்.

எங்களை ஏற்றிப்போனவர் ஒரு மலையாளி. சேட்டன் என்றுதான் கூப்பிட்டேன். டயர்களில் காற்றைப் பாதியளவு இறக்கிவிட்டு மணலில் ஓட்டுவார், பிறகு வண்டி நிழலில் படுத்துவிடுவார். "நாலு மணி ஆகட்டே," என்றார் கண்ணைத் திறக்காமலே.

நாலு மணி நெருங்கும்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. காற்று மணலைத் தன் பக்கச் சரிவில் மெல்ல ஏற்றிக்கொண்டுபோய், முகட்டைத் தாண்டி மறுபக்கம் கொட்டுகிறது. அந்தப் பக்கம் குவியும் மணல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவு வரைதான் தாங்கும், அதற்குமேல் நழுவிவிடும். ஆகவே சூரியன் அந்த 34 பாகைக்குக் கீழே இறங்கியதும், அதற்கு முதுகு காட்டி நிற்கும் சரிவு முழுதாக நிழலுக்குள் போகிறது. கத்தியால் வெட்டினது மாதிரி ஒரு கோடு. இந்தப் பக்கம் செம்மஞ்சள், அந்தப் பக்கம் வானத்தின் ஒளி மட்டும் விழுகிற நீலம். மணலில் நான் படமெடுக்க வேண்டியது நிழலைத்தான் என்று பிடிபட்டது அப்போதுதான். கல்யாண மேடையில் நிழல் விழுந்தால் பிளாஷ் வைத்து அழிப்பதே என் பதினைந்து வருட வேலை.

இரண்டாம் நாள் முழுக்க மேகம். ஒன்றும் எடுக்கவில்லை. தேநீர் குடித்தோம்.

மூன்றாம் நாள் காற்று. வடமேற்கிலிருந்து வருகிற ஷமால். முகட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, பொலித்தீன் பை சுற்றிய கமராவை மணலோடு மணலாக வைத்துப் பார்த்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் முகடு புகைகிற மாதிரித் தெரியும். கிட்ட வந்தால், மணிகள் துள்ளித் துள்ளிப் போகின்றன. ஒன்று விழுகிற இடத்தில் இன்னும் சிலது கிளம்பும். என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு கழன்றது. சுளகைச் சரித்தால் அரிசி வழிவது போல, சத்தமே இல்லாமல் சரிவு நெடுகிலும் கீழே போனது. அதை எடுக்க நீள லென்ஸ் வேண்டும் என்று, அந்தக் காற்றிலேயே லென்ஸ் மாற்றினேன். மடத்தனம். ஸூம் வளையம் அன்றிலிருந்து கறகறக்கிறது, பழுது பார்த்தும் முழுதாகப் போகவில்லை. ஈரத்துக்குப் பயந்தவன் மணலிடம் மாட்டினேன்.

நாலாம் நாள் விடிய ஐந்தரைக்கு எழும்பிக் கதவைத் திறந்தால் எதிரே ஒன்றுமே இல்லை. வெள்ளை. தூசிப் புகாராக்கும் என்று நினைத்துச் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருந்தது. வளைகுடாவிலிருந்து பகலில் உள்ளே வரும் ஈரக்காற்று, மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துபோக, விடியலில் மூடுபனியாக இறங்குகிறது. பாலைக்குப் பெரும்பொழுது வேனிலும் பின்பனியும் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்திருக்கிறேன். பனிக்கும் பாலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றியதில்லை. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. அங்கே மச்சு இல்லை, என்னைத் துளைத்தது.

சூரியன் ஏற ஏறப் பனிக்கு மேலே முகடுகள் மட்டும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடலில் திமிங்கிலங்கள் முதுகு காட்டினால் இப்படித்தான் இருக்கும். ஓடி ஓடி எடுக்கவில்லை. காலடித் தடம் விழுந்தால் அந்தச் சரிவு கெட்டுவிடும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லவும் அங்கே ஆளில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரு மணித்தியாலத்தில் ஒன்பது படம். பிறகு பனி கரைந்து, எல்லாம் பழையபடி தோசையாகிவிட்டது.

கொழும்பு வந்து படங்களைக் கணினியில் காட்டினேன். முகவர் பனிப்படத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"தம்பி, இது பார்க்க நுவரெலியா மாதிரி இருக்கு. சனம் காசு கட்டி நுவரெலியா பார்க்க அபுதாபி போகுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சரி என்று நாலு மணி மஞ்சள் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தேன், காசும் வந்தது. பனிப்படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஸ்டூடியோவில் ஆட்கள் காத்திருக்கும் வாங்குக்கு எதிரே மாட்டினேன். ஹோர்ட்டன் சமவெளியா என்று கேட்பார்கள். நானும் திருத்திச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

போன மாதம் பாஸ்போட் படத்துக்கு ஒரு அம்மா வந்தா. மட்டக்களப்புப் பக்கம். கேட்காமலே, "இது அபுதாபி மணல் எல்லோ?" என்றா. அந்த நிறம் தெரியுமாம்.

"பதினொரு வருசம் அங்க வீட்டு வேலையில இருந்தன் தம்பி. காத்துக் கிளம்பினா வீடு முழுக்க இதுதான். ஜன்னல் விளிம்பு, கட்டிலுக்குக் கீழ, எல்லாம் கூட்டி அள்ளி வாளிவாளியாக் கொட்டியிருக்கன். வெளியில இப்பிடிக் கிடக்குது எண்டு நான் காணல்ல."

கிட்டப்போய் முகட்டுக் கோட்டின் வழியே கண்ணாடிக்கு மேல் விரலை ஓட்டிப் பார்த்தா. அப்புறம் முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தா. நாடியைக் கொஞ்சம் நிமித்தச் சொன்னேன். இந்த முறை குவைத்தாம்.