கோடு அச்சில் விழுந்ததா, வில்லையில் விழுந்ததா?

பழைய நாணயத்தில் ஒரு கோடு கண்ணில் பட்டாலே டை கிராக் என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். அவற்றில் பலவும் லேமினேஷன்தான். டை கிராக் நாணயம் அடிக்கும் எஃகு அச்சில் விழுந்த விரிசல். லேமினேஷன் அடிபடும் வில்லையின், அதாவது உருவம் பதியுமுன் இருக்கும் வெறும் உலோக வட்டின், உலோகத்திலேயே இருக்கும் குறை.

அச்சு ஓயாமல் அடி வாங்கி விரிசல் விடுகிறது. அடுத்த அடியில் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்துகொள்வதால் நாணயத்தில் கோடு மேடாக எழும். லேமினேஷன் நேர்மாறு. உருக்கும்போது கசடோ வாயுவோ சிக்கினாலும், உலோகங்கள் சரியாகக் கலக்காவிட்டாலும், தகடாக உருட்டும்போது அந்த இடம் மெல்லிய அடுக்காக நீண்டுவிடும். பிறகு செதிலாக உரிந்து பள்ளம் விடும்.

லேமினேஷனைப் பார்த்துப் பழக அமெரிக்காவின் போர்க்கால 5 சென்ட் மிகவும் ஏற்றது. நிக்கல் போருக்குத் தேவைப்பட்டதால் 1942 பிற்பகுதியிலிருந்து 1945 வரை ஜெஃபர்சன் 5 சென்டை 56% செம்பு, 35% வெள்ளி, 9% மாங்கனீசு சேர்த்து அடித்தார்கள். பின்பக்கம் மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேல் பெரிய மின்ட் எழுத்து (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து) இருந்தால் அதுதான். இந்தக் கலவை சீராகக் கலக்க மறுத்தது. அதனால் உரிந்த காசுகள் ஏராளம்.

சோதிக்க 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பும் (கைக்கண்ணாடி) ஒற்றை விளக்கும் போதும். விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் வையுங்கள். மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரிவது கண்ணின் வழக்கமான ஏமாற்று. அதனால் முதலில் ஓர் எழுத்தைப் பாருங்கள். அது மேடு என்பது தெரிந்த விஷயம். எழுத்தின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறதோ அதே பக்கம் கோட்டின் நிழலும் விழுந்தால் கோடு மேடு. எதிர்ப்பக்கம் விழுந்தால் பள்ளம். காசைக் கால்வட்டம் திருப்பி மறுபடி பாருங்கள்.

மேடு என்று தெரிந்ததோடு நிறுத்திவிடக் கூடாது. டை கிராக் நெளிந்து நெளிந்து, பெரும்பாலும் விளிம்பிலிருந்து கிளம்பி, எழுத்து, நட்சத்திரம், வெற்றுத் தளம் எல்லாவற்றையும் கடந்து போகும். அச்சில் விழுந்த கீறலும் மேடாகத்தான் வரும். ஆனால் அது நேராக இருக்கும், உருவங்களுக்குள் ஏறாமல் தளத்தோடு நின்றுவிடும். காரணம், நாணயத்தின் தளம்தான் அச்சில் உயர்ந்த பகுதி. விளிம்போரம் அச்சின் துண்டே உடைந்து விழுந்திருந்தால் அங்கே உருவமில்லாத திட்டு எழும். அதை கட் (cud) என்பார்கள். நேர் எதிரே மறுபக்கத்தில் உருவம் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உலோகம் அந்தக் குழிக்குள் போய்விடுவதால் அப்படி மங்கும்.

சிக்கலானது இன்னும் உரியாத லேமினேஷன். செதில் ஒரு பக்கம் மட்டும் தூக்கி நிற்கும்போது மேட்டுக் கோடு போலவே ஏமாற்றும். ஆனால் அதன் ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல இருக்கும், மறுபக்கம் தளத்தோடு கலந்துவிடும். டை கிராக் இரு பக்கமும் சரியும். உரிந்த பள்ளத்தின் அடியில் உருட்டிய திசையில் இணை வரிகள் ஓடும், ஓரம் கந்தலாக இருக்கும். வெளியிலிருந்து பட்ட கீறலில் மட்டும்தான் ஓரத்தில் உலோகம் ஒதுங்கிக் குவியும்.

பள்ளத்துக்குள் உருவம் மங்கலாகவாவது தொடர்ந்தால், நாணயம் அடிக்கும் முன்பே செதில் உரிந்தது. உருவம் அற்றுப்போனால் பின்னால் உரிந்தது.

1982க்குப் பிந்தைய அமெரிக்க சென்ட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அது செம்பு பூசிய துத்தநாகம். பூச்சுக்கு அடியில் வாயு சேர்ந்து நீளமாக உப்பினால் டை கிராக் என்றே தோன்றும்.

சந்தேகம் தீராவிட்டால் அதே ஆண்டு, அதே மின்ட் காசுகளை வாங்கிப் பாருங்கள். ஒரே அச்சில் அடித்தவை எல்லாவற்றிலும் கிராக் அதே இடத்தில் இருக்கும். பிந்தைய காசுகளில் நீண்டிருக்கும். லேமினேஷன் அந்த ஒரு காசுக்கே சொந்தம்.

தூக்கிய செதிலை ஊசியால் நெம்பவே வேண்டாம். அழுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவையுங்கள், தேய்க்காதீர்கள். சொருகும் பிளாஸ்டிக் உறையில் செதில் மாட்டிக் கிழியும். காசுக்கான கெட்டியான வட்டக் கேப்ஸ்யூலில் போடுங்கள்.