என் பிள்ளையை நாற்பது பக்கத்தில் எழுதிய கதை

திருகோணமலைக்கு வந்து இறங்கிய இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டுவிட்டார். "என்ன பிள்ளை, லண்டனில சொந்தப் பிள்ளையைப் பாக்கிறதுக்கே கவர்மெண்ட் சம்பளம் தருதாமே?" உவர்மலையில் நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கை இது, ஒரு கதை முழு ஒழுங்கையும் சுற்றிவரத் தேத்தண்ணி கொதிக்கிற நேரம் போதும். ஓம் என்றால் சும்மா இருந்து சாப்பிடுகிறாள், இல்லை என்றால் ஒளிக்கிறாள். சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அந்தச் 'சம்பளம்' என்ற சொல் இரவு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் 2015 கடைசியில் மனைவி விசாவில் போனேன். கையில் தந்த அட்டையிலேயே 'பொது நிதி இல்லை' என்று அச்சடித்திருந்தது. அதன் அர்த்தம் விளங்கவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் (அதற்கான கட்டணத்தை விசாக் காசோடு சேர்த்து முன்னமே அறவிட்டுவிடுகிறார்கள்), பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், ஆனால் குடும்பக் கொடுப்பனவு, வீட்டு வாடகை உதவி, மாமி 'சம்பளம்' என்று சொன்ன பராமரிப்பாளர் கொடுப்பனவு எதையும் என் பெயரில் கேட்க முடியாது. சரி, கேட்கவும் இல்லை. அதோடு சேர்த்து ஒரு முட்டாள் வேலையும் பார்த்தோம். 2016 இல் மகன் பிறந்தபோது, பிள்ளை வளர்க்க அரசாங்கம் தரும் பிள்ளைக் காசுக்கு விண்ணப்பித்தால் என் விசா புதுப்பிக்கும்போது பிரச்சினை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் விண்ணப்பிக்காமலே இருந்தோம். என் கணவர் பிரித்தானியக் குடியுரிமைக்காரர், அவர் தன் பெயரில் தாராளமாகக் கேட்டிருக்கலாம், என் விசாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்போது முதல் பிள்ளைக்குக் கிழமைக்கு 20.70 பவுண். பிந்திக் கேட்டதால் மூன்று மாதத்துக்குத்தான் பின்னோக்கித் தந்தார்கள், மற்றது போனது போனதுதான். இன்றைக்கும் புதிதாக வருகிற பெண்பிள்ளைகள் இதே பயத்தோடு இருப்பதைப் பார்க்கிறேன்.

மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. அம்மா தொலைபேசியில் "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்" என்றார். 2019 இல் நேர்சரி ஆசிரியைதான் டிஎல்ஏ என்ற கொடுப்பனவு பற்றிச் சொன்னார். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, அதே வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமான கவனிப்புத் தேவைப்பட்டால் தருவது. நோயின் பெயர் எழுதிய மருத்துவர் கடிதம் கட்டாயமில்லை, என்ன உதவி தேவை என்பதைத்தான் பார்க்கிறார்கள். உரிமை பிள்ளையுடையது, அவன் பிரித்தானியப் பிள்ளை, ஆகவே என் அட்டையில் இருந்த வரி அவனைத் தடுக்கவில்லை.

ஏறக்குறைய 40 பக்கப் படிவம். இரவில் எத்தனை தரம் எழும்புகிறான், ஒவ்வொரு தரமும் எத்தனை நிமிடம், றோட்டில் போகும்போது என்ன செய்வான், சாப்பாடு, கழிப்பறை, எல்லாம் கேள்வி. நான் அழகாக எழுதினேன். 'கொஞ்சம் குறும்பு, மற்றபடி நல்ல பிள்ளை.' பிள்ளையின் குறையை வெளியில் சொன்னால் கண்ணூறு, சொந்தத்துக்குள் கதை, நாளைக்குத் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசும்போதும் அது வரும் என்று பயந்து வளர்ந்தவள் வேறு எப்படி எழுதுவாள்? லண்டன் ஈஸ்ட்ஹாமில் படிவம் நிரப்ப உதவும் தமிழ் அக்கா ஒருவர் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "இதை அனுப்பினா ஒரு சதமும் வராது. உன்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு நீயே எழுதியிருக்கிறாய். நேற்று இரவு என்ன நடந்தது? அதைச் சொல்லு."

சொன்னேன். ஒன்றரைக்கு எழும்பியது, திரைச்சீலையோடு கம்பியையும் இழுத்து விழுத்தியது, வாசல் கதவைத் திறந்து காலில் ஒன்றுமில்லாமல் படிக்கட்டுவரை போனது, நாலரைக்குத் திரும்பவும் படுத்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினார். முடித்துவிட்டு ஒருதரம் வாசித்துப் பார் என்றார். நான் வாசிக்கவில்லை, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். இரவும் பகலும் கவனிப்புத் தேவை என்று உயர்ந்த வீதம் கிடைத்தது.

பராமரிப்பாளர் கொடுப்பனவுக்கு அதுதான் திறப்பு. பிள்ளைக்கு டிஎல்ஏயின் நடு வீதமோ உயர் வீதமோ கிடைக்க வேண்டும், நீங்கள் கிழமைக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் வாங்கலாம். கணவரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, என் உழைப்பை மட்டும்தான். ஆனால் என் அட்டையில் அந்த வரி இருந்ததே. 2020 இல் நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை, அதே இரவுகள், அதே 35 மணித்தியாலம் (உண்மையில் அதைப்போல மூன்று மடங்கு), ஒரு சதமும் இல்லை. கிடைத்தபோது கிழமைக்கு 67.25 பவுண். முப்பத்தைந்தால் பிரித்துப் பாருங்கள், மணிக்கு 1 பவுண் 92 பென்ஸ். 2025 இல் 83.30 பவுணாக்கினார்கள், அதுவும் மணிக்கு 2 பவுண் 38 பென்ஸ்தான் வரும், அந்த வருடம் அங்கே கடையில் நின்றால் சட்டப்படி மணிக்குக் குறைந்தது 12.21 பவுண். மாமிக்குச் சொல்லாத பதில் இதுதான்.

கடையில் நின்றதும் ஒரு கதை. சனி ஞாயிறில் கணவர் வீட்டில் நிற்கும்போது நான் ஒரு கடைக்குப் போய்வந்தேன். 2023 இல் கிழமைக்கு 139 பவுணுக்கு மேல் உழைக்கக்கூடாது என்று வரம்பு. மெதுமெதுவாகக் குறைப்பதெல்லாம் கிடையாது, ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமைக் காசு முழுவதும் போய்விடும். நத்தார் நேரம் ஆள் இல்லை என்று முதலாளி கேட்க, மூன்று கிழமை கொஞ்சம் கூட நின்றேன். வரம்பைத் தாண்டியது கிழமைக்கு எட்டுப் பவுண், திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது மூன்று கிழமைக்கும் சேர்த்து 230.25 பவுணுக்கு. நானும் பிந்தித்தான் அறிவித்தேன், அதை மறைக்கவில்லை. ஓய்வூதியத்துக்குக் கட்டும் காசில் பாதியைக் கழித்துத்தான் அந்த உழைப்பைக் கணக்குப் பார்ப்பார்கள் என்று பிறகுதான் தெரியவந்தது, கட்டியிருந்தால் தப்பியிருப்பேன். என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் ஆயிரக்கணக்கான பவுண் கடனாளியாகி, 2024 இல் அது பத்திரிகையெல்லாம் நாறி, அரசாங்கம் தனி ஆய்வு ஒன்று வைத்தது. 2025 ஏப்ரலில் வரம்பை 196 பவுணாக்கினார்கள். ஒரு பவுண் கூடினால் முழுக் காசும் விழுகிற அந்த மடு அப்படியே இருக்கிறது, கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊருக்கு வரவும் கணக்கு உண்டு. பிள்ளைக் காசு எட்டுக் கிழமைவரை, டிஎல்ஏ பதின்மூன்று கிழமைவரை நிற்காது. நான் தனியாக வந்தால் என் கொடுப்பனவு 26 கிழமையில் நாலு கிழமைக்குத்தான், மகனோடு அவனைப் பார்க்கவென்றே வந்தால் அவனுடையது வரும்வரை என்னுடையதும் வரும். வரமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஒருதரம் பட்டது போதும். மகன் கோட்டைக்குள் மானுக்கு முன்னால் அசையாமல் இருபது நிமிடம் நின்றான், அவனை அப்படி நான் கண்டதேயில்லை, அந்தப் படிவத்தில் இதை எழுத ஒரு இடமும் இருக்கவில்லை.

வீட்டில் அம்மா பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். அக்காதான் பார்க்கிறாள். இலங்கை அரசாங்கத்தின் நலக் கொடுப்பனவான அஸ்வெசும வந்தபோது கல்வி, உடல்நலம், சொத்து, வீடு முதலிய ஆறு வகையில் 22 அளவுகோல் வைத்துக் குடும்பத்தை அளந்தார்கள். முதியோருக்கு, மாற்றுத்திறனாளிக்கு, சிறுநீரக நோயாளிக்கு என்று தனித்தனியாக உண்டு. பார்த்துக்கொள்கிறவருக்கு என்று ஒன்றும் இல்லை. "எனக்கு இங்க அப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று அக்கா கேட்டாள், பகிடியாகத்தான்.

அங்கே கிழமை ஞாயிற்றில் தொடங்கும் என்று சொல்லி, கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இருவருமாக எழுதினோம். திருப்பிப் படுக்கவைப்பது, கஞ்சி, துவைப்பது, இரவில் மூன்று தரம். எழுத எழுத அக்கா "இதையும் எழுதவோ? இது வேலையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். செவ்வாய் இரவே முப்பத்தைந்து தாண்டிவிட்டது. தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"புதன்கிழமையில இருந்து ஆர் பாக்கிறது?" என்றாள். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட, எழும்பிப் போனாள்.