என் பெயரை நானே தட்டிப் பார்க்கவில்லை

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்பது என் கொள்கை. போன தீபாவளிக்கு அது உடைந்தது. லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, கூட்டம் தள்ளிய பக்கமெல்லாம் போய், சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். காரணம், நான் எழுதிய இன்ஸ்டாலர், அதாவது மென்பொருளைக் கணினியில் நிறுவும் நிரல்.

சிங்கப்பூரிலேயே உபி என்ற வட்டாரத்தில் எங்கள் அலுவலகம், ஆறே பேர். கடைகளின் பில் மென்பொருளோடு சேர்ந்து ரசீது அச்சடிக்கிற ஒரு சின்ன காம்போனென்டை, அதாவது துணை மென்பொருளை, எழுதி விற்கிறோம். வியாழக்கிழமைதான் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தோம். (பண்டிகை வாரத்தில் வெளியிட்டது யார் புத்தி என்று கேட்காதீர்கள்.)

கடைக்கார அண்ணன் திரையைக் காட்டினார். பச்சை எழுத்தில் வெற்றிச் செய்தி. "பாரு தங்கச்சி, வெற்றின்னுதான் போட்டிருக்கு. பில்லு மட்டும் வரல." முறுக்கு அச்சு வாங்க நின்ற அம்மாவுக்குக் கையாலேயே ரசீது எழுதிக் கொடுத்தார்.

நிறுவும்போது நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால் ஒரு பிழையும் இல்லை. இன்ஸ்டாலர் திருப்பித் தந்த எண் 0, அதாவது எல்லாம் சரி. ஆனால் காம்போனென்ட் லைசென்ஸ் இல்லை என்கிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் ஃபோல்டர்களைப் பார்க்கத் தோன்றியது. யார் பெயரில் லைசென்ஸோ அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, லைசென்ஸ் கோப்பை அதற்குள் வைப்பது எங்கள் இன்ஸ்டாலரின் வேலை. அண்ணன் அடையாள அட்டையில் இருப்பதை அப்படியே தட்டியிருந்தார், இன்னாரின் மகன் என்று சொல்லும் 'எஸ்/ஓ' உட்பட. ஃபோல்டர் பெயரில் விண்டோஸ் விடாத 9 குறிகளில் சாய்கோடும் ஒன்று. அதை உள் ஃபோல்டருக்கான பிரிகோடாக எடுத்துக்கொள்ளும். அண்ணன் பெயர் 'எஸ்'ஸோடு ஒரு ஃபோல்டராக நின்றுவிட்டது. 'ஓ'வில் தொடங்கி அவர் அப்பாவின் பெயர் அதற்குள் இன்னொரு ஃபோல்டர். மகனுக்குள் அப்பா போய் உட்கார்ந்துகொண்டார், லைசென்ஸோடு. காம்போனென்ட் மகனோடு நின்றுவிட்டது.

சாய்கோட்டை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ரசீது வந்தது. அதற்கப்புறம்தான் உறைத்தது: என் அடையாள அட்டையிலும் 'டி/ஓ' இருக்கிறது, இன்னாரின் மகள் என்று. முப்பது வருடமாக அந்தக் கோட்டோடு வாழ்கிறேன். நாங்கள் சோதித்த பெயர்களோ டெஸ்ட், டெஸ்ட்2, பக்கத்து மேசை டான்.

இப்போது நிரல் எழுதுகிறவரின் கணினியில் ஓடியதை யாரும் சோதனை என்று சொல்வதில்லை. அந்தக் கணினியில் நிரல் ஓடத் தேவையான எல்லா ரன்டைமும் ஏற்கெனவே கிடக்கும், நாம் அட்மினாக வேறு இருப்போம், எது போட்டாலும் ஓடத்தான் செய்யும். கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்ட உதவும் ஹைப்பர்-வியில் வெறும் விண்டோஸ் மட்டும் ஏற்றி, அந்த நிலையை அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அங்கிருந்துதான் தொடக்கம். இணையத்தைத் துண்டித்து ஒரு தடவை, சாதாரணப் பயனராக ஒரு தடவை, பழைய பதிப்பின் மேல் ஒரு தடவை. நீக்கிவிட்டு என்ன மிச்சம் கிடக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. அதுதான் எல்லோருக்கும் சலிப்பு, வழக்கமாக என் தலையில் விழும். 3010 என்ற எண் வந்தால் தோல்வி இல்லை, கணினியை மறுபடி தொடங்கச் சொல்கிறது என்பதைக்கூட எங்கள் ஸ்கிரிப்டுக்கு அப்போதுதான் சொல்லிக் கொடுத்தோம். எண் எதுவானாலும், ஒரு ரசீது நிஜமாக அச்சாகி வந்தால்தான் தேறியதாகக் கணக்கு.

சோதனைக்குத் தட்டும் பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, 'டி/ஓ'வோடு முழுசாக. அதனால் அப்பாவின் பெயர் எங்கள் விர்ச்சுவல் மெஷின் எல்லாவற்றிலும் இருக்கிறது. அவரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "லைசென்ஸ் என் பேர்லயா? அப்ப மாசாமாசம் எனக்கு ஏதாச்சும் வருமா?" என்றார்.