மயக்க ஊசியா, மரப்பு ஊசியா? ஞானப்பல் எடுக்குமுன் கேட்க வேண்டியவை

"மயக்க ஊசி போட்டுத்தானே டாக்டர் எடுப்பீங்க?" என்று கேட்டால் மருத்துவர் ஆமாம் என்றுதான் சொல்வார். கேட்டவர் நினைப்பது, கண்ணை மூடித் திறந்தால் பல் போயிருக்கும் என்று. மருத்துவர் நினைப்பது தாடையில் போடும் மரப்பு ஊசியை. தமிழில் இரண்டையும் ஒரே பேரால் சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் வெளியே வருகிறது. கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: "நான் விழிச்சிருப்பேனா, அரைத் தூக்கத்துல இருப்பேனா, ஒண்ணுமே தெரியாதா?"

பதிலைப் பாதி தீர்மானிப்பது எக்ஸ்ரே. நேராக முளைத்த மேல் ஞானப்பல் சில நிமிடங்களில் வந்துவிடும். அதற்கு மரப்பு ஊசியே ஏராளம். எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் கீழ்ப்பல் வேறு கதை. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுக்க வேண்டும். அப்படி இரண்டு, நான்கு என்றால்தான் மற்ற வழிகளைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

மரப்பு ஊசியில் பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெயின், அதோடு 80,000-இல் 1 பங்கோ 1,00,000-இல் 1 பங்கோ அட்ரினலின். 1.8 மி.லி. குழல் ஒன்றில் 36 மி.கி. லிக்னோகெயின் இருக்கும். கீழ்ப்பல்லுக்கு ஊசி பல்லின் பக்கத்தில் போவதில்லை. வாயின் கடைசியில், தாடை மேல்நோக்கித் திரும்பும் இடத்தின் உட்புறம், நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலுக்கு அருகே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கக் கீழுதடு தடித்துத் தொங்குவதுபோல் தெரியும். பத்து நிமிடமாகியும் உதடு உதடாகவே இருந்தால் சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பு இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். இரண்டாவது முறை போடுவது தவறும் அல்ல, அபூர்வமும் அல்ல. கன்னத்துப் பக்க ஈறுக்கு வேறு நரம்பு, ஆகவே அங்கே தனியாக ஒரு குத்து.

சீழும் வீக்கமும் இருந்தால் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. அழற்சியுள்ள சதையில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் மருந்து நரம்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போவது குறைகிறது. முதலில் கழுவிவிட்டுச் சில நாள் கழித்து வரச் சொல்வது இதற்காகவும்தான்.

ஊசி நன்றாகப் பிடித்தாலும் அழுத்தம் தெரியும், 'கடக்' என்ற சத்தம் மண்டைக்குள் கேட்கும். வலி போகும், தள்ளுவதும் நெம்புவதும் போகாது. பலர் பயப்படுவது உண்மையில் இதற்குத்தான். ஊசி போட்ட சில நிமிடம் நெஞ்சு படபடத்தால் அது அட்ரினலின் வேலை. கடுமையான இதய நோய் உள்ளவர்களுக்கு அட்ரினலினை ஒரு தடவைக்கு 0.04 மி.கி.க்குள், ஏறத்தாழ இரண்டு குழலோடு நிறுத்துவார்கள். நான்கு பல்லையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்கக்கூடாது.

பயம் மட்டும்தான் சிக்கல் என்றால் சிரிப்பு வாயு இருக்கிறது. மூக்கில் மட்டும் மாட்டும் முகமூடி, ஆக்சிஜனோடு கலந்த நைட்ரஸ் ஆக்சைடு, முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன். மூக்கடைப்பு இருந்தால் காசு வீண். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் வேண்டாம்.

நரம்பு வழி மருந்து, அதாவது கையின் இரத்தக் குழாயில் ஏற்றுவது, அதற்கு அடுத்த படி. புறங்கையில் குழாய் வைத்து மிடசோலம் என்ற தூக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள்; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும், ஆனால் பிறகு நினைவில் இருக்காது. "தூங்கிட்டேன்" என்று எல்லாரும் சொல்வது அந்த மறதியைத்தான். மரப்பு ஊசி இதிலும் உண்டு. முன்கூட்டியே கேட்க வேண்டிய ஒன்று: மருந்தை ஏற்றிக் கவனிப்பது பல் எடுப்பவரா, தனி மயக்கவியல் மருத்துவரா? இன்னும் ஆழமாகத் தூங்கவைக்கக்கூடிய புரோபோஃபால் என்றால் தனி ஆள் இல்லாத இடத்தில் நான் சம்மதிக்க மாட்டேன். பலமாகக் குறட்டை விடுபவர்கள், தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்துகள் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சுப்பாதையை அடைக்கலாம்.

முழு மயக்கம் அறுவைக்கூடத்தில்தான். வாயில் வேலை நடப்பதால் மூச்சுக்குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாகச் செருகுவார்கள். ஓரிரு நாள் தொண்டை வலி, சிலருக்கு மூக்கில் இரத்தம். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஆபத்து நேர்ந்திருந்தால் அந்தத் தகவல் மிக முக்கியம்.

அதிகம் தவறுவது பட்டினி விதியில். நரம்பு வழி மருந்துக்கும் முழு மயக்கத்துக்கும் திட உணவு ஆறு மணி நேரம் முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். காலை 8.30-க்கு அறுவை என்றால் தண்ணீருக்கு 6.30 மணி கடைசி. தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) பானமில்லையா என்றால், பால் கலந்தது உணவுக் கணக்கு. கீழ்த்தளக் கோப்பிக்கடையில் அரைக் கோப்பை குடித்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னால் அறுவை தள்ளிப்போகும். மறைத்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். நீரிழிவுக்காரர்கள் முதல் நேரத்தைக் கேளுங்கள். இன்சுலினையும் மாத்திரையையும் என்ன செய்வது என்று எழுதி வாங்குங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் மரப்பு ஊசி மட்டும் என்றால் தலைகீழ்: இட்லியோ பரோட்டாவோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், வெறும் வயிற்றோடு பயமும் சேர்ந்தால் மயக்கம் வரும்.

நரம்பு வழி மருந்துக்குப் பின் வீட்டுக்கு அழைத்துப் போக வயது வந்தவர் ஒருவர் கட்டாயம். கிராப் வாடகைக் கார் ஓட்டுநர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 24 மணி நேரம் வண்டி ஓட்டவோ பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது. கூடவர ஆளில்லாமல் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு, ஒரு பக்கப் பற்களை மட்டும் மரப்பு ஊசியில் எடுத்து, மறுபக்கத்தைச் சில வாரம் கழித்து எடுப்பது பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பணம். சிங்கப்பூரில் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் பொதுவாக அறுவைக்குத்தான், குறட்டால் சாதாரணமாகப் பிடுங்கினால் கிடையாது. நீங்கள் மயங்கியிருந்தீர்களா என்பது அதைத் தீர்மானிப்பதில்லை, வெட்டிக் குடைந்ததா என்பதே தீர்மானிக்கும். எடுக்கும் தொகைக்கு அறுவையின் வகைப்படி உச்சவரம்பு உண்டு, மிச்சம் கையிலிருந்து. மயக்கவியல் மருத்துவர், அறுவைக்கூடம், பல் மருத்துவர் கட்டணங்களைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மெடிசேவ் அங்கீகாரம் உள்ள கிளினிக்கா என்றும் கேளுங்கள். குடிமக்கள், பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் போனால் மானியம் கிடைக்கும், காத்திருப்பு நீளும்.

எந்த வழியில் எடுத்தாலும் உதடு மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்திருக்கும். முதல் வலி மாத்திரையை உணர்ச்சி திரும்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். சூடான கஞ்சி அதற்கப்புறம். இல்லாவிட்டால் சுட்டதுகூடத் தெரியாது.