நசுக்கிய குழாய்

கனடாவின் ஆல்பர்ட்டாவில், ரெட் டீர் பக்கம் டீசல் வண்டி வேலை பார்ப்பவர்களிடம் பழைய ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்த மாட்டார்கள். 1999 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வண்டிகளைச் சொல்கிறேன். பெயர் ஃபோர்டு என்றாலும் இன்ஜினைச் செய்து கொடுத்தது நாவிஸ்டார். எட்டு சிலிண்டர், வி வடிவம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் தள்ளுவதற்கு உயர் அழுத்தத்தில் இன்ஜின் ஆயிலையே பயன்படுத்தும் அமைப்பு. 1999-இல் வந்தபோது 235 குதிரைத் திறன்தான். இன்றைய பிக்கப்புகள் அதைப்போல இரண்டு மடங்கு தருகின்றன. ஆனாலும் தானியம் ஏற்றுகிறவர், மாட்டு டிரெய்லர் இழுக்கிறவர் எல்லாரும் இந்தப் பழைய வண்டியை விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். நானும் அவர்கள் கட்சிதான். இங்கே சொல்லப்போவது அதன் டவுன்பைப் என்ற புகைக்குழாயைப் பற்றி.

இந்த வண்டிகள் பட்டறைக்கு வரும்போது அதிகம் கேட்கும் குறை ஒன்று உண்டு. சமவெளியில் நன்றாக ஓடுகிறது, டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேற்கே மலைப்பக்கம் போனால் திணறுகிறது என்பார்கள். 1330 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோஜர்ஸ் பாஸ் கணவாய்க்கு ஏறுகிற வழியில், எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரின் முள் மேலே போய்க்கொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் வெப்பம் 1250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிற்க விடக்கூடாது என்பது இங்கே ஓட்டுநர்களிடம் உள்ள பொதுக் கணக்கு. செல்சியஸில் சுமார் 675. அதற்கு மேல் நீண்ட நேரம் போனால் பிஸ்டனுக்கும், புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போவுக்கும் ஆபத்து. அதனால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, கியரைக் குறைத்து, ஓரமாக ஊர்ந்து போக வேண்டியிருக்கும். நான் தொழில் பழகிய சங்ககிரி லாரிப் பட்டறையில் இதை ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: புல்லிங் இல்லை.

புல்லிங் இல்லாததற்குக் காரணம் பல இருக்கலாம். இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுபோகும் அப்பைப்புகளில் ஒழுகல் இருக்கலாம். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலில் கரி படிந்திருந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் பூட் கிழிந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் டவுன்பைப் பக்கம் வருவேன். டர்போவின் வெளிவாயிலிருந்து இறங்கி வண்டிக்கு அடியில் போய்ச் சைலன்சர் குழாயோடு சேரும் துண்டுதான் டவுன்பைப். இந்த இன்ஜினில் டர்போ உட்கார்ந்திருப்பது இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி. அங்கிருந்து இறங்கும் குழாய்க்கு இடமே கிடையாது. ஒரு பக்கம் இன்ஜின், மறுபக்கம் கேபினின் தகடு, இடையில் ஹீட்டர் ஹோஸ்களும் வயர்களும். அதனால் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்தக் குழாயை அந்த இடத்தில் தட்டையாக நசுக்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

முதன்முதலில் இதைப் பார்க்கிறவர்கள் வடிவமைத்தவரைத் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசெம்பிளி வரிசையில் சட்டத்தின் மேல் இன்ஜின் உட்கார்ந்த பிறகு கேபின் மேலிருந்து இறங்க வேண்டும். குழாய் கேபின் தகட்டில் உரசவும் கூடாது, தரையைச் சுடவும் கூடாது. அன்று கேட்ட 235 குதிரைத் திறனுக்கு அந்த வாய் போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். சாதாரணச் சுமைக்கு அது சரியான கணக்குதான். பெரிய டிரெய்லரோடு மலையேறும்போதுதான் அந்த நசுங்கல் வெளியே தெரிய வருகிறது.

ஏன் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நிறையப் பேர் இந்தக் குழாயைச் சத்தத்துக்காக மாற்றுகிறார்கள். டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவது முன்பக்க அழுத்தம் மட்டுமல்ல. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த விகிதம். பின்னால் புகை தேங்கினால் அந்த விகிதம் குறையும். அதே காற்றை அமுக்கித் தர, டர்போவுக்கு முன்னால் அழுத்தம் இன்னும் ஏற வேண்டும். அப்போது பிஸ்டன் புகையை வெளியே தள்ளவே அதிகம் உழைக்கிறது, சூடும் ஏறுகிறது. பின்வழியைத் திறந்துவிட்டால் டர்போ சீக்கிரம் சுழலும், காற்று கூடும், கருப்புப் புகை குறையும், வெப்பம் இறங்கும். குதிரைத் திறன் மலைபோல் ஏறாது. டியூனிங் எதுவும் செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் கிடைப்பது நிதானமும் குளிர்ச்சியும்தான். சுமை இழுக்கிற வண்டிக்கு அதுதான் வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

வேலைக்கு வருவோம். முந்தின நாள் மாலையே வண்டியை வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். இன்ஜின் முழுதாக ஆற வேண்டும்; கழற்ற வேண்டிய எல்லா நட்டு போல்ட்டிலும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து இரவு முழுக்க ஊற விட வேண்டும். காலையில் இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிவிட்டு, வலது முன்சக்கரத்தையும் அதன் உள்பக்க பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்துவிட்டால், பார்க்க ஒரு சின்ன ஜன்னல் கிடைக்கும். மேலிருந்து டர்போவின் பின்பக்கம் குழாயைச் சேர்த்துப் பிடிக்கும் வளையமான வி-பேண்ட் கிளாம்ப்பைத் தொட வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. நீள எக்ஸ்டென்ஷனில் சாக்கெட்டை மாட்டி, இடது கை விரலால் நட்டைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் மேல் சாக்கெட் உட்கார்ந்துவிட்டதா என்று விரல் நுனியிலேயே உணர வேண்டும். நேராக உட்காராமல் திருப்பினால் நட்டின் முனை மழுங்கிவிடும், அப்புறம் அந்த இடத்தில் கிரைண்டர்கூடப் போகாது.

என்னோடு வேலை பழகுகிற ஈரோட்டுத் தம்பி ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன், அவசரக்காரன். கிளாம்ப் கழன்றதும் பழைய குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது நகர்ந்தது, ஆனால் எந்தப் பக்கமும் வரவில்லை.

“இது எப்படிண்ணே வெளிய வரும்? மேல போனா ஹீட்டர் பாக்ஸ், கீழ போனா கியர்பாக்ஸ்.”

“முழுசா வராது தம்பி. அறுத்துத்தான் எடுக்கணும். பழசு போனா போகட்டும், சுத்தி இருக்கிற ஹோஸ்ல பிளேடு படாம பாத்துக்க.”

ஹோஸ்களுக்கு முன்னால் ஒரு தகட்டை மறைப்பாகச் செருகிவிட்டு அறுத்தான். இரண்டு துண்டாக வந்தது. நசுங்கிய பகுதியை வைஸில் பிடித்துக் குறுக்கே அறுத்துக் காட்டினேன். உள்ளே கருங்கரி பூசியது போல இருந்தது. அதன் அடியில் துரு செதில் செதிலாக உரிந்தது. காலிப்பரை வைத்து அவனையே அளக்கச் சொன்னேன். வாயின் அகலம் 3 அங்குலத்துக்கு மேல், உயரம் 2 அங்குலத்துக்கும் கீழே. 3 அங்குல முழு வட்டக் குழாய்க்குக் குறுக்குப் பரப்பு சுமார் 7 சதுர அங்குலம் வரும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் தட்டை வாயைத் திரும்பவும் பார்த்தான். “இவ்வளவு பெரிய இன்ஜின் இது வழியாவா மூச்சு விட்டுச்சு” என்றான். அந்தத் துண்டை அவனே எடுத்து வைத்துக்கொண்டான்.

புதுக் குழாயை ஏற்றுவதுதான் பெரிய பாடு. முழு வட்டமாக இருப்பதால் கம்பெனிக் குழாய் நுழைந்த வழியில் அது நுழையாது. இதற்குச் சிலர் ஃபயர்வால் தகட்டின் விளிம்பைச் சுத்தியலால் மடக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துரு பிடிக்கும், அது கேபினின் முதுகெலும்பு போன்ற தையல். நான் கேபினைத் தூக்குவேன். வலது பக்கத்து கேபின் மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றி, இடது பக்கத்தவற்றைத் தளர்த்தி மட்டும் வைத்து, மரப்பலகையை அடியில் கொடுத்து ஜாக்கியால் 2, 3 அங்குலம் உயர்த்தினால் போதும். உயர்த்தியதும் இடைவெளியில் மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. தூக்கும்போது ஒருவர் ஸ்டியரிங் தண்டு, ஹீட்டர் ஹோஸ், பூமி வயர், ஃபேன் மறைப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

கேபின் போல்ட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் நட்டு கேபின் தரைக்குள் ஒரு கூண்டில் இருக்கிறது. குளிர்காலச் சாலை உப்பில் துருப்பிடித்த வண்டியில் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுழல ஆரம்பித்தால், கார்ப்பெட்டை உரித்துத் தரையைத் திறக்க வேண்டியிருக்கும். அதனால் இம்பாக்ட் கன்னை அங்கே கொண்டுபோக மாட்டேன். கைப்பிடியால் கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், நடுநடுவே ஆயில். நேரம் ஆகத்தான் செய்யும்.

குழாயைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நடுவில் மடிப்பு மடிப்பாக வளையும் பெல்லோஸ் உள்ள குழாய்தான் நான் பரிந்துரைப்பது. சுமையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாகச் சாயும். சூடானால் குழாய் நீளும். அந்த அசைவைத் தாங்க இடம் இல்லாவிட்டால் வெல்டிங் விரிசல் விடும். சாதா இரும்பைவிட ஸ்டெயின்லெஸ் விலை அதிகம்தான், ஆனால் இந்த உப்புச் சாலைகளுக்கு அது நின்று பேசும். பொருத்தும்போது எல்லா இணைப்புகளையும் கைவிரலால் மட்டும் முடுக்கி, குழாய் எங்கும் தொடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். வி-பேண்ட் கிளாம்ப்பை இறுக்கும்போது சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே இறுக்கினால் சமமாக உட்காரும். ஓரிரு முறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி முடுக்க வேண்டும், அதற்காக வண்டியைத் திரும்ப வரச் சொல்லிக் கட்டணம் இல்லாமல் பார்த்துக் கொடுக்கிறோம்.

டர்போவின் வெளிவாயில் ஒரு பட்டாம்பூச்சி வால்வு இருக்கிறது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் அது மூடிக்கொண்டு புகையைத் தடுத்து இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கும். நம் ஊர் லாரிகளின் எக்ஸாஸ்ட் பிரேக் போன்ற வால்வுதான், வேலை வேறு. டவுன்பைப் மாற்றும்போது அதையும் எடுத்துவிடச் சொல்வார்கள் சிலர். மைனஸ் 30 டிகிரி வரும் ஊரில் அதை ஏன் எடுக்க வேண்டும்? நல்ல நிலையில் இருந்தால் நான் தொடுவதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி என்றால் அதையும் அப்படியே விட்டு, அதற்கு முந்திய துண்டை மட்டும் ஏற்ற இணைப்போடு மாற்றுவோம்.

இந்த வேலையில் நான் பிடிவாதமாக இருப்பது இங்கேதான். 7.3-இல் டவுன்பைப் என்பது வெறும் குழாய். அதை அகலப்படுத்தினால் யாருக்கும் கெடுதல் இல்லை. எரிப்பு சுத்தமாவதால் நன்மைதான். புது வண்டிகளில் அதே இடத்தில் இறங்கும் குழாய் புகைச் சுத்திகரிப்பின் வாசல். அமெரிக்க விதிகள் 2007 மாடல் முதல் கனரக டீசல் இன்ஜின்களுக்கான கரித்துகள் வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தன. 2010-இல் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் கடுமையான வரம்பு வந்தது. அதற்காகத்தான் துகள் வடிகட்டியும் யூரியா தெளிக்கும் அமைப்பும் வந்தன. ‘டவுன்பைப் கிட்’ என்ற பெயரில் விற்கும் சிலவற்றை மாட்டினால் இவை எல்லாமே வெளியே போய்விடும்.

2020 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டன என்பது அவர்கள் மதிப்பீடு. அவற்றின் ஆயுளில் கூடுதலாக வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கு மேல். பட்டறையில் நிற்கிற எனக்கு இந்த எண் வெறும் எண்ணாகத் தெரியவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. அதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தது சுரங்கத்துக்குள் டீசல் இயந்திரங்களோடு வேலை செய்தவர்கள் மீதான ஆய்வுகள். மூடிய கதவுக்குள் குளிர்காலம் முழுக்க வேலை செய்கிற மெக்கானிக்கும் அந்தத் தொழிலாளியும் எனக்கு ஒன்றுதான். புகை இழுக்கும் ஹோஸை மாட்டாமல் பட்டறைக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்யத் தம்பியை நான் விடுவதில்லை.

போன குளிர்காலத்துக்கு முன் ஒருவர் புது வண்டியோடு வந்தார். வடிகட்டி அடிக்கடி தானாகவே கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறது, டீசல் குடிக்கிறது, வேறொரு இடத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுத் தருகிறேன் என்று விலை சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் எவ்வளவு கேட்பீர்கள் என்றார். செய்ய மாட்டேன் என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் இவ்வளவு கரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்டர்கூலர் வழியில் புகையை ஏற்றிச் சோதித்தோம். தம்பிதான் கண்டுபிடித்தான்: ஒரு குழாயின் இணைப்புக்கு அடியில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற கீறல். அளந்து உள்ளே எடுத்த காற்றில் ஒரு பங்கு அங்கே வெளியே போய்விடுகிறது, டீசல் மட்டும் முழு அளவில் இறங்குகிறது, மிச்சம் கரியாக வடிகட்டியில் சேர்கிறது. அந்தக் குழாயை மாற்றி, ஸ்கேனரில் கட்டளை கொடுத்து வெளியே வைத்து வடிகட்டியை முழுதாக எரித்துச் சுத்தம் செய்து அனுப்பினோம். அவர் கேட்டு வந்த நேர்க்குழாய் வேலையோடு ஒப்பிட்டால் பில் மிகவும் சின்னது. வசந்தத்தில் ஆயில் மாற்ற வந்தபோது ஸ்கேனரில் பார்த்தேன். வடிகட்டி சுத்தம் செய்துகொள்ளும் இடைவெளி இருக்க வேண்டிய தூரத்துக்கு வந்திருந்தது.