சாட்சி சொன்ன தெய்வம்: ஹெகாட்டே

பெர்செபொனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் தூக்கிக்கொண்டு போன கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண், பிளந்த நிலம், பொன் தேர். அந்தப் பெண்ணின் தாயான டெமிட்டர் தேவியைப் பற்றிய ஹோமரியப் பாடல் என்று சொல்லப்படும் பழைய கிரேக்கப் பாட்டில் அது விரிவாக வருகிறது. ஒரு மே மாதம், கோர்ட்டுக்கு விடுமுறை விட்டிருந்தபோது, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தேன். தாயும் மகளும்தான் கதை. ஆனால் படித்து முடித்தபின் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவள் மூன்றாவது ஒருத்தி, ஹெகாட்டே. சூனியக்காரிகளின் தெய்வம், பேய்களின் தலைவி என்றுதான் அதுவரை அவளைக் கேள்விப்பட்டிருந்தேன். இந்தப் பாட்டில் அவள் செய்வது வேறு வேலை.

பெண் அலறுகிறாள். அந்த அலறலைத் தேவர்கள் கேட்கவில்லை, மனிதர்கள் கேட்கவில்லை, காய்த்து நின்ற ஒலிவ மரங்கள்கூடக் கேட்கவில்லை என்கிறது பாட்டு. கேட்டவர்கள் இரண்டே பேர். தன் குகைக்குள் இருந்த ஹெகாட்டே ஒருத்தி, வானத்தில் போய்க்கொண்டிருந்த சூரியன் ஹீலியோஸ் ஒருவன். மகளைத் தன் அண்ணன் ஹேடிஸுக்குக் கொடுக்க முன்பே சம்மதித்துவிட்ட தகப்பன், தேவர்களின் அரசன் ஸியூஸ், எங்கோ ஒரு கோயிலில் உட்கார்ந்து மனிதர்களின் படையலை வாங்கிக்கொண்டிருந்தான். மலைகளில் பட்டுத் திரும்பிய எதிரொலிதான் தாயின் காதுக்குப் போகிறது. டெமிட்டர் ஒன்பது நாள் கையில் தீப்பந்தத்தோடு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், குளிக்காமல் தேடி அலைகிறாள். உண்மையைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பத்தாம் நாள் விடியற்காலையில் ஹெகாட்டே கையில் விளக்கொளியோடு அவள் எதிரே வருகிறாள். “உன் மகளைக் கொண்டுபோனது யார், தேவனா மனிதனா? நான் குரலைக் கேட்டேன். யாரென்று கண்ணால் பார்க்கவில்லை” என்கிறாள். எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான் என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிரிமினல் வழக்குகளில் சாட்சி விசாரிப்பதுதான் என் தொழில். கேட்டதை மட்டும் கேட்டேன் என்று சொல்லி, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று விட்டுவிடுகிற சாட்சி எவ்வளவு அபூர்வம் என்பது கூண்டுக்கு எதிரே நின்றவர்களுக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தோடு கூட்டிச் சொல்வதில்லை. அந்தப் பெண்ணுக்கு உதவ வேண்டுமே என்ற தவிப்பில் ஒரு வார்த்தை சேர்த்துவிடுவார்கள். சத்தம் கேட்டவர், ஆளையும் பார்த்தேன் என்பார். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்தால் மொத்தச் சாட்சியமும் சரிந்துவிடும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இதைத்தான் கேட்டது: பார்க்கக்கூடிய சங்கதியைப் பார்த்தவர் சொல்லட்டும், கேட்கக்கூடிய சங்கதியைக் கேட்டவர் சொல்லட்டும். சட்டத்துக்குப் புதுப் பெயர் வந்த பிறகும் அந்த விதி அப்படியே இருக்கிறது. ஹெகாட்டேயின் வாக்குமூலத்தில் எந்த வக்கீலாலும் ஓட்டை போட முடியாது.

ஒன்றே ஒன்றைத் தவிர. “ஒன்பது நாள் என்னம்மா செய்துகொண்டிருந்தீர்கள்?” எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பாட்டு இதற்குப் பதில் சொல்வதில்லை. நான் சமாதானம் தேடவும் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் தானாக வந்தாள். அலறல் எல்லாவற்றுக்கும் மேலான ஸியூஸின் வீட்டு விவகாரம் என்று தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், தாயைத் தேடி நடந்து வந்த ஒரே தெய்வம் அவள்தான்.

ஹீலியோஸ் அப்படியில்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்தவன், நேரில் கண்ட சாட்சி. டெமிட்டரும் ஹெகாட்டேயும் சேர்ந்து ஓடிப்போய் அவன் குதிரைகளுக்கு முன்னால் நின்று கேட்கும்வரை வாய் திறக்கவில்லை. கேட்டதும் சொல்கிறான், உண்மையையே சொல்கிறான். சொல்லிவிட்டு, அழாதே, ஹேடிஸ் உனக்குத் தகாத மருமகன் இல்லை என்று புத்தியும் சொல்கிறான். அந்தப் புத்திமதியைப் படிக்கும்போது எனக்கு உடம்பு எரிந்தது. சமரசம் பேச வருகிற பெரியவர்களின் குரல் அது. ஹெகாட்டே தாய்க்குப் புத்தி சொல்லவில்லை. கூட ஓடினாள்.

கடைசியில் பெர்செபொனி திரும்பி வருகிறாள். மாதுளை விதையைத் தின்றுவிட்டதால் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்தில் இருந்தாக வேண்டும் என்று ஏற்பாடாகிறது. அப்போது ஹெகாட்டே வந்து அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொள்கிறாள். அன்றிலிருந்து அவளுக்குத் துணையாகவும் பணிவிடை செய்பவளாகவும் ஆனாள் என்று ஹெகாட்டேயின் பங்கைப் பாட்டு முடித்துவிடுகிறது. பாதாளத்தில் ஆட்சி ஹேடிஸுக்கும் பெர்செபொனிக்கும். ஹெகாட்டேக்கு அங்கே சிம்மாசனம் இல்லை. இழுத்துச் செல்லப்பட்ட பெண்ணுக்குத் துணை போனவள் என்பதுதான், இந்தப் பாட்டின்படி, பாதாளத்தோடு அவளுக்கு இருக்கும் உறவு.

ஹோமரின் இரண்டு காவியங்களிலும் அவள் பெயரே கிடையாது. ஆனால் ஏறக்குறைய கி.மு. 700இல் பாடிய ஹெஸியாட், கடவுளரின் வம்சாவளியைச் சொல்லும் தன் பாட்டில் 411 முதல் 452 வரையான வரிகளை அவளுக்கே கொடுத்திருக்கிறார். பெர்சீஸுக்கும் ஆஸ்டீரியாவுக்கும் ஒரே மகள், கூடப் பிறந்த துணையில்லாதவள், ஆனாலும் மண்ணிலும் கடலிலும் வானத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு. ஸியூஸ் ஆட்சிக்கு வந்தபோது அதில் எதையும் பறிக்கவில்லை. வலையில் மீன் நிறைப்பாள், நினைத்தால் எடுத்தும் விடுவாள். ஹெர்மீஸ் என்ற தேவனோடு சேர்ந்து மந்தைகளைப் பெருக்குவாள், பிள்ளைகளை வளர்த்தெடுப்பாள், போரிலும் பந்தயத்திலும் துணை நிற்பாள். நியாயம் சொல்லும் அரசர்களுக்குப் பக்கத்தில் உட்காருவாள் என்றும் ஒரு வரி வருகிறது. அதை நான் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். மந்திரம், சூனியம், பிணம், சுடுகாடு என்று ஒரு சொல் அந்த நாற்பத்துச் சொச்சம் வரிகளில் இல்லை.

ஏதென்ஸில் அவளுக்கு இடம் வாசலிலும் முச்சந்தியிலும். வீட்டு வாசலில் அவளுக்கென்று சின்னதாக ஒரு மாடம் வைப்பார்கள். கி.மு. 422இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் ‘குளவிகள்’ நாடகத்தில், நீதிமன்றப் பைத்தியம் பிடித்த ஒரு கிழவர் சொல்கிறார்: ஒருநாள் ஏதென்ஸ்காரர் ஒவ்வொருவரும் தன் வாசலிலேயே குட்டி நீதிமன்றம் கட்டிக்கொள்வார்களாம், ஹெகாட்டே மாடம் மாதிரி, எல்லா வாசலிலும். மூன்று உருவங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் சிலையை முதலில் செய்தவர் அல்கமெனீஸ் என்று பயணி பாசேனியஸ் எழுதுகிறார். அது ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் வெற்றித் தேவியின் கோயிலுக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று சாலையையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியவளுக்கு அப்படித்தானே உருவம் வரும். சந்திரன் தெரியாத மாதக் கடைசியில் முச்சந்தியில் அவளுக்குச் சாப்பாடு வைப்பார்கள். கி.மு. 388இல் வந்த இன்னொரு நாடகத்தில் அதே அரிஸ்டோபனீஸ், பணக்காரர்கள் மாதாமாதம் அனுப்பும் அந்தச் சாப்பாட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே ஏழைகள் பறித்துக்கொள்வார்கள் என்கிறார். பசித்தவன் வயிற்றுக்குப் போன படையலை அவள் குறைவாக நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்கு ஊர் அவள் வேறு. இன்றைய துருக்கியின் முக்லா மாகாணத்தில் லகீனா என்ற இடத்தில் அவளுக்குப் பெரிய கோயிலே இருந்தது. ஒஸ்மான் ஹம்டி பே 1891-92இல் தோண்டி எடுத்த அதன் சிற்பப் பட்டைகள் இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே திருவிழாவில் ஒரு பெண் புனிதச் சாவியை ஏந்திக்கொண்டு ஊர்வலம் போவாள். சூனியக்காரிகளின் தெய்வத்துக்கு ஒரு நகரமே முறையாகத் திருவிழா எடுத்திருக்கிறது என்றால், அந்தப் பட்டம் அவளுக்கு எவ்வளவு பொருந்தாதது என்று பாருங்கள்.

மந்திரம் எங்கிருந்து வந்தது? கி.மு. 431இல் யூரிப்பிடீஸின் நாடகத்தில் வரும் மீடியா, என் அடுப்பங்கரையின் உள்ளிடத்தில் குடியிருக்கும் ஹெகாட்டே மேல் ஆணை என்று சொல்லித்தான் பழிவாங்கக் கிளம்புகிறாள். ஊர் விட்டு ஊர் வந்தவள், இரண்டு பிள்ளைகளோடு கணவன் கைவிட்டவள், நாடு கடத்தும் உத்தரவும் வாங்கியவள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தியோக்ரிடஸ் பாடிய சிமைதா, தன்னை விட்டுப்போன காதலனைத் திரும்ப இழுக்க ராத்திரியில் மருந்தும் மந்திரமுமாக உட்கார்ந்திருக்கிறாள்; நாய்கள் ஊளையிடுகின்றன, தெய்வம் முச்சந்திக்கு வந்துவிட்டாள், வெண்கலத்தைத் தட்டு என்கிறாள் வேலைக்காரியிடம். மீடியாவை மேடையில் பார்த்துக்கொண்டிருந்த ஏதென்ஸ் போன்ற நகரத்தில் ஒரு பெண் தன் வழக்கைத் தானே பேச முடியாது. தகப்பனோ கணவனோ பேச வேண்டும். கணவன்மேலேயே புகார் என்றால்? குகைக்குள் இருந்தபடி அலறலைக் கேட்டவளிடம் போனார்கள். மீடியா செய்த கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. அவள் ஏன் ஹெகாட்டே மேல் ஆணையிட்டாள் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

ஆண்களும் போனார்கள், அதுவும் கோர்ட்டு விவகாரமாகவே. கி.மு. நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸில் மெல்லிய ஈயத் தகட்டில் எதிராளியின் பெயரைக் கீறி, சுருட்டி, ஆணி அடித்து, கல்லறையிலோ கிணற்றிலோ போட்டுவிடுவார்கள். அப்படிக் கிடைத்த தகடுகளில் பல, வழக்கு நடக்கும்போது எழுதியவை. எதிராளியின் நாக்கைக் கட்டு, அவனுக்காகப் பேச வருபவனின் நாக்கைக் கட்டு, அவன் சாட்சிகளின் நாக்கைக் கட்டு. பாதாளத்து ஹெர்மீஸ், பெர்செபொனி இவர்களோடு, பூமிக்கு அடியில் இருக்கும் ஹெகாட்டேயையும் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு மனசு கசந்துபோனது. பத்தாம் நாள் விடியலில் தானாக வந்து சாட்சி சொன்னவளிடமே, சாட்சியின் வாயை அடைக்கச் சொல்லி மனு.

அவள் அந்த மனுக்களை ஏற்றிருக்க மாட்டாள் என்றுதான் நான் நினைக்க விரும்புகிறேன். ஆனால் தகட்டைக் கீறியவனின் கணக்கையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. நியாயம் சொல்பவர்களுக்குப் பக்கத்தில் உட்காருபவள், பாதாளத்துக்கும் போய் வருபவள், அவன் வீட்டு வாசலிலேயே மாடத்தில் நிற்பவள். பயந்துபோய் வழக்குக்குக் கிளம்புகிறவன் வேறு யாருக்குத்தான் எழுதுவான்?