ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாற்பதைத் தொட்டவர்கள் "இனி நமக்கென்ன விளையாட்டு" என்று அலுத்துக்கொள்ளும்போது எனக்குக் கனடாவின் கோர்டி ஹோவ் நினைவுதான் வருகிறது. ஐஸ் ஹாக்கி வீரர்; மதுரை வெயிலில் கற்பனை செய்யவே கஷ்டமான ஆட்டம்.

1950இல் பக்கச்சுவரில் மோதி மண்டையோடு உடைந்தது. மூளையின் அழுத்தத்தைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்தார்கள். அடுத்த பருவத்திலேயே என்எச்எல் என்னும் வட அமெரிக்க ஹாக்கி லீக்கில் அதிகப் புள்ளிகள் எடுத்தது யார்? அதே மனிதர்!

டெட்ராய்ட் அணிக்கு 25 பருவங்கள் ஆடி, 1971இல் ஓய்வு பெற்றார். வீட்டில் இருக்க முடியவில்லை போலும். 1973இல் திரும்பி வந்து மகன்கள் மார்ட்டி, மார்க் இருவருடனும் ஒரே அணியில் ஆடினார். 1980இல் ஐம்பத்திரண்டு வயதில் விடைபெற்றபோது என்எச்எல் கோல் கணக்கு 801.

முழங்கையால் இடிப்பதிலும் பேர் வாங்கியவர். பரம சாது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.